அம்பாசிடர் பின் பட்டை புஷ் எட்டே மாதத்தில் கிழிந்துவிட்டது, இந்த முறை வீட்டிலேயே மாற்றலாமா?

வெண்ணாற்றங்கரை (நீடாமங்கலம்):

எல்லாருக்கும் வணக்கம். அப்பா 1984-இல் வாங்கிய மார்க் 4 அம்பாசிடர், பெட்ரோல் எஞ்சின், இன்றைக்கும் எங்கள் வீட்டில் ஓடுகிறது. தஞ்சாவூர் போக வர, மன்னார்குடியில் அக்கா வீட்டுக்கு, வயலுக்கு என்று வாரத்துக்கு நூறு நூற்றைம்பது கிலோமீட்டர் ஓடும். அப்பா போனபிறகு விலைக்குக் கேட்டுப் பலர் வந்தார்கள். அம்மா கொடுக்கவில்லை, நானும் கொடுப்பதாக இல்லை.

போன ஆடியில் ஒரு பட்டறையில் விட்டு, பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கை பாடியோடு மாட்டும் இடத்தில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் புஷ் எல்லாவற்றையும் மாற்றினேன். இரண்டு மூன்று மாதம் வண்டி தொட்டில் மாதிரி போனது. மார்கழி வாக்கில் வலது பின்பக்கம் லேசாக ஒரு ‘டொக்’. இப்போது பங்குனி. வேகத்தடை ஒவ்வொன்றிலும் சம்மட்டியால் அடிப்பது போலக் கேட்கிறது, ஆற்றங்கரைச் சாலையில் பள்ளத்தில் இறங்கி ஏறினால் நான் ஸ்டியரிங்கைத் திருப்பாமலே வண்டியின் பின்பாதி ஒரு பக்கம் ஒதுங்கிப் போய்த் திரும்ப வருகிறது.

நேற்று சாக்கை விரித்து அடியில் படுத்துப் பார்த்தேன். ஸ்பிரிங்கின் முன் கண்ணில், அதாவது பட்டையின் முனையில் சுருட்டிய வளையத்தில், இரும்பு உறையோடு வரும் புஷ் இருக்கிறது. அதன் ரப்பர் வெற்றிலையை மென்று துப்பியது போலப் பிதுங்கி வெளியே தொங்குகிறது. விரலை வைத்தால் கறுப்பாகப் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் உள்குழாயைச் சுற்றி வட்டமாக ஒரு கிழிசல், கத்தியால் அறுத்த மாதிரி. பின்னால் ஷாக்கிலில் (பட்டையின் பின்முனையை பாடியோடு சேர்க்கும் ஆடுதட்டு) இரண்டு பாதியாக வரும் ரப்பரும் ஒரு பக்கம் தேய்ந்து தட்டு சாய்ந்து நிற்கிறது.

அப்பா காலத்தில் போட்ட புஷ் பத்து வருஷத்துக்கு மேல் உழைத்தது, அதே வண்டி, அதே சாலை. எட்டு மாதத்தில் ஏன் போனது என்று பட்டறையில் கேட்டால் “சாலை சரியில்லை, இப்ப வர ரப்பர் அப்படித்தான்” என்கிறார்கள். இன்னொரு முறை அங்கே விட மனம் வரவில்லை. நானே செய்யலாமா? பம்புசெட்டைப் பிரித்து மாட்டுகிற அளவுக்குக் கைப்பழக்கம் உண்டு, பெஞ்ச் வைஸ் இருக்கிறது, பிரஸ் மெஷின் கிடையாது. ரப்பருக்குப் பதில் பாலியூரித்தேன் என்கிற கெட்டி பிளாஸ்டிக் புஷ் போட்டால் இந்தத் தொல்லையே வராது என்று ஒரு கடையில் சொன்னார்கள், அது உண்மையா? ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து, தண்ணீர் இங்கே வந்து நாற்று வேலை ஆரம்பித்துவிட்டால் எனக்குக் கை ஒழியாது. அதற்குள் முடித்துவிட வேண்டும்.

பழைய பட்டறை (மயிலாடுதுறை):

தம்பி, நீங்கள் எழுதியதிலேயே பதில் இருக்கிறது. பிசுபிசுப்பு ஒரு தப்பு, வட்டக் கிழிசல் இன்னொரு தப்பு. சாலைமேல் பழி போட வேண்டாம்.

பிசுபிசுப்பு எண்ணெயால் வந்தது. புது புஷ் இறுகலாக இருந்தால் சுலபமாக இறங்கட்டும் என்று பழைய எஞ்சின் ஆயிலையோ கிரீஸையோ தடவித் தட்டி இறக்குவார்கள். ரப்பர் அதைக் குடித்து ஊறி உப்பும், அப்புறம் மாவாகும். ஆடியில் தடவியது ஐப்பசிக்குள் வேலையைக் காட்டிவிடும்.

வட்டக் கிழிசல்தான் முக்கியம். இதை ஒருமுறை மனத்தில் வாங்கிக்கொண்டால் எந்த வண்டியின் புஷ்ஷையும் நீங்கள் மாற்றலாம். இந்த புஷ்ஷில் எதுவும் சுழலாது. வெளியுறை ஸ்பிரிங்கின் கண்ணோடு இறுகிக் கிடக்கும். உள்குழாயை பாடியில் இருக்கும் இரண்டு கன்னமும் (இருபக்கத் தகடு) போல்ட் இறுகியதும் நெரித்துப் பிடித்துக்கொள்ளும். ஸ்பிரிங் ஏறி இறங்கும்போது நடுவில் இருக்கும் ரப்பர்தான் முறுகிக் கொடுத்துத் திரும்பி வருகிறது. ஈரத் துண்டைக் கொஞ்சமாக முறுக்கி விடுகிற மாதிரி. முன்னே கொஞ்சம், பின்னே கொஞ்சம் என்று முறுகினால் வருஷக்கணக்கில் தாங்கும்.

இப்போது பட்டறையில் என்ன நடந்திருக்கும் என்று பாருங்கள். வண்டியை ஜாக்கியில் தூக்கியாயிற்று, அச்சு தொங்குகிறது, பட்டை நன்றாக வளைந்து கண் வேறு கோணத்தில் நிற்கிறது. அந்த நிலையிலேயே போல்ட்டை முழுசாக இறுக்கிவிட்டு வண்டியை இறக்கினார்கள். இறக்கியதும் பட்டை நிமிரும், கண் திரும்பும், ஆனால் உள்குழாய் இறுகிவிட்டதே, அது திரும்பாது. ஆக, வண்டி கொட்டகையில் சும்மா நிற்கும்போதே ரப்பர் பாதி முறுகி நிற்கிறது. பள்ளத்தில் மேலும் முறுகும். ராத்திரி முழுக்கவும் ரப்பருக்கு ஓய்வே இல்லை. எட்டு மாதம் தாங்கியதே பெரிது.

அதனால், தூக்கிய நிலையில் நட்டைக் கையால் திருகி ஸ்பேனரால் தொட்டுவிட்டால் போதும். கடைசி இறுக்கு, வண்டி நான்கு சக்கரத்திலும் தரையில் நின்று, எப்போதும் ஏற்றும் பாரம் ஏறிய பிறகுதான். ஷாக்கிலுக்கும் இதே கதைதான்.

வீட்டில் தாராளமாகச் செய்யலாம், பின்பக்கம் மட்டும். முதலில் இடம். நம் பக்கத்து மண் வண்டலும் களியும், மேலே காய்ந்து வெடித்திருந்தாலும் ஒரு ஜாண் கீழே ஈரம்தான். என் பட்டறைக்கு சிமெண்டுத் தரை போடுவதற்கு முன்னால் ஒருநாள் மத்தியானம் ஜாக்கி சத்தமே இல்லாமல் மண்ணுக்குள் இறங்கி அச்சு தரையில் உட்கார்ந்துவிட்டது. நாங்கள் சாப்பிடப் போயிருந்தோம். நெல் அடிக்கும் சிமெண்டுக் களம் இருந்தால் அங்கே நிறுத்துங்கள், ஜாக்கிக்கு அடியில் தடிமனான பலகை வையுங்கள். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் வேண்டவே வேண்டாம், அது விரிசல் விட்டுச் சொல்லாது, ஒரே நொடியில் பொடியாகும். பின்சக்கரத்தைத் தூக்கிவிட்டால் ஹேண்ட் பிரேக் எதையும் பிடிக்காது, அதனால் முன்சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். கழற்றிய சக்கரத்தைப் பாடிக்கு அடியில் படுக்கப் போட்டு வையுங்கள், ஸ்டாண்டு நழுவினாலும் அது தாங்கும்.

பாடியை ஸ்டாண்டில் நிறுத்திய பிறகு அச்சுக்கு அடியில் தனி ஜாக்கி. அதை மெதுவாக ஏற்றி இறக்கிப் பார்த்தால் ஓர் இடத்தில் ஷாக்கில் தட்டு கையால் ஆட்டினால் ஆடும். அந்த இடத்தில் ஸ்பிரிங்கில் பாரம் இல்லை. அங்கே வைத்துத்தான் போல்ட்டை உருவ வேண்டும். அச்சை அப்படியே தொங்க விடாதீர்கள், பிரேக் ஹோஸ் இழுபடும். ஒரு பக்கம் முடித்துவிட்டு அடுத்த பக்கம்.

இன்னொன்று, ஸ்பேனர். இந்த வண்டி இஞ்ச் கணக்கில் பிறந்தது. அரை இஞ்ச் நட்டு 12.7 மில்லிமீட்டர், அதில் 13 ஸ்பேனரை மாட்டினால் உட்காருகிற மாதிரி உட்கார்ந்து நட்டின் முனையை மழுக்கிவிடும். முக்கால் இஞ்சுக்கு மட்டும் 19 சரியாகப் பொருந்தும். இஞ்ச் செட் ஒன்று வாங்கிவிடுங்கள்.

நாகை லோடு (நாகப்பட்டினம்):

பட்டறை அண்ணன் சொன்னதெல்லாம் சரி. ஆனால் நான் பத்து வருஷமாக மீன் லோடு லாரி வைத்திருக்கிறேன், எங்கள் பட்டைக் கண்ணில் ரப்பரே கிடையாது. கன்மெட்டல் என்கிற வெண்கல புஷ், நிப்பிள் (கிரீஸ் ஏற்றும் சின்ன முனை) வழியாக கிரீஸ் அடித்தால் போதும், தேய்ந்தால் லேத்தில் கடைந்து வேறு போட்டுக்கொள்கிறோம். கும்பகோணத்தில் பித்தளை, வெண்கல வேலை தெரிந்தவர்களுக்குக் குறைச்சலே இல்லை. அம்பாசிடருக்கும் அளவு கொடுத்துக் கடைந்துவிட்டால் ஆயுசுக்கும் கவலை இல்லையே? கடற்கரை உப்புக்காற்றுக்கு எங்கள் பக்கம் இரும்பு உறை துருப்பிடித்துக் கண்ணோடு ஒன்றாகிவிடுகிறது, அதை எடுப்பதே பெரும்பாடு.

அரசலாறு (கும்பகோணம்):

நாகை அண்ணா, லாரிக்கு அது நியாயம். பத்து டன் பாரத்தை இந்த மாதிரிச் சின்ன ரப்பர் புஷ் தாங்காது, அதனால் உலோகம். ஆனால் உலோகம் உலோகத்தில் உரசும் இடத்தில் சாலையின் அதிர்வு அப்படியே பாடிக்கு ஏறும். லாரியில் கேபினும் பட்டையும் சட்டத்தின் (சேஸிஸ்) மேல் தனித்தனியாக உட்கார்ந்திருக்கின்றன. அம்பாசிடரில் தனிச் சட்டமே கிடையாது, பட்டையின் இரண்டு முனையும் பாடியிலேயே மாட்டியிருக்கிறது. ஒவ்வொரு கல்லும் பின்சீட்டில் தெரியும், நாளடைவில் மாட்டியிருக்கும் இடத்தில் தகடு வெடிப்பு விடும். முப்பது நாற்பது வருஷத் தகடு அது, துருவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பாடம் நடத்துகிறேன், அதனால் பாலியூரித்தேன் கேள்விக்கும் சொல்லிவிடுகிறேன். கெட்ட சாமான் இல்லை, ஆனால் வேலை செய்யும் விதமே வேறு. ரப்பர் ஒட்டிக்கொண்டு முறுகும், பாலியூரித்தேன் குழாயின்மேல் வழுக்கிச் சுழலும். வழுக்க அதற்கென்று உள்ள கிரீஸ் வேண்டும், இடைவெளி சுத்தமாக இருக்க வேண்டும். ஆற்று வண்டல் தூசியும் அடைமழைச் சேறும் உள்ளே போனால் கீச்சு கீச்சு என்று கத்தும், குழாயையும் தேய்க்கும். பந்தய வண்டிக்குப் போடுங்கள். குடும்பத்தோடு கோயிலுக்குப் போகும் வண்டிக்கு ரப்பர்தான் என் தேர்வு.

புது ரப்பர் வாங்கும்போது அதிக வருஷம் அலமாரியில் கிடந்ததை வாங்காதீர்கள். ‘ஒரிஜினல் பழைய ஸ்டாக்’ என்று ஆசை காட்டுவார்கள், ஆனால் ரப்பர் வண்டியில் ஓடாமல் கிடந்தாலும் காற்றும் வெப்பமும் பட்டு இறுகும். நகத்தால் அழுத்தினால் தழும்பு விழுந்து மறைய வேண்டும். விளிம்பை மடக்கிப் பார்த்து முடி போல வெடிப்பு தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அப்புறம் உள்குழாய் வெளியுறையைவிட இரண்டு பக்கமும் கொஞ்சம் நீண்டு இருக்கிறதா என்று பாருங்கள். பட்டறை ஐயா சொன்ன அந்த நெரிப்பு அந்த நீளத்தில்தான் கிடைக்கிறது. குழாய் குட்டையாக இருந்தால் போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் அது உள்ளே சுழன்று போல்ட்டையே அறுக்கும்.

இறக்குவதற்கு சோப்புத் தண்ணீர் போதும். அதற்கும் மசியவில்லை என்றால் வீட்டில் இருக்கும் விளக்கெண்ணெய் ஒரு சொட்டு. அந்தக் காலத்து பிரேக் ஆயிலில் விளக்கெண்ணெய் சேர்த்ததற்குக் காரணமே அது இயற்கை ரப்பரைக் கெடுக்காது என்பதுதான். எஞ்சின் ஆயில், மண்ணெண்ணெய், டீசல் மூன்றும் புது ரப்பருக்குப் பக்கத்திலேயே வரக்கூடாது.

பழைய உறையை எடுக்க யாராவது கேஸ் வைத்து எரிக்கலாம் என்றால் விடாதீர்கள். பட்டை பதம் போட்ட எஃகு. கண்ணைச் சிவக்கக் காய்ச்சினால் பதம் போய், ஒருநாள் சாலையில் கண் ஒடியும். பக்கத்திலேயே பெட்ரோல் டேங்க் வேறு. ஹேக்சா பிளேடைக் கண்ணுக்குள் நுழைத்து மாட்டி, உறையை மட்டும் உள்ளிருந்து நீளவாக்கில் அறுங்கள். கண்ணின் உட்சுவரில் பல் படாமல் நிறுத்த வேண்டும். அறுத்த கோட்டில் உளியை வைத்து மடக்கினால் உறை சுருண்டு வந்துவிடும். நாகை அண்ணாவின் துருவுக்கும் இதுதான் வழி.

வெண்ணாற்றங்கரை (நீடாமங்கலம்):

முடித்துவிட்டேன். சித்திரை முதல் ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தது, இரண்டு பக்கமும் முடிய மறுநாள் மதியம் ஆனது. பின்னால் யாருக்காவது பயன்படும் என்று நடந்ததை எழுதுகிறேன்.

இரண்டு நாள் முன்பே போல்ட்டுகளுக்குத் துரு நீக்கும் எண்ணெய் விட்டு வைத்தேன், காலையும் மாலையும். ஷாக்கில் சுலபமாக வந்தது. வலது முன் கண் போல்ட் மட்டும் நட்டு கழன்ற பிறகும் அசையவில்லை. உள்குழாயோடு துருப்பிடித்து ஒன்றாகியிருந்தது. போல்ட்டின் தலையைத் திருப்பினால் கிழிந்த ரப்பருக்குள் குழாயும் சேர்ந்து சுற்றுகிறது. கடைசியில் கன்னத்துக்கும் கண்ணுக்கும் நடுவே பிளேடை விட்டு இரண்டு பக்கமும் போல்ட்டை அறுத்தேன். அதற்கே ஒன்றரை மணி நேரம், மூன்று பிளேடு. வெளியே எடுத்துப் பார்த்தால் அது சரியான போல்ட்டே இல்லை, கழுத்துவரை மரை போட்ட சாதாரண போல்ட். மரை உரசி உரசிக் குழாயின் உட்சுவரில் வரி வரியாக விழுந்திருக்கிறது. மரை முனையில் மட்டும் இருக்கிற, தண்டு வழவழப்பான உயர் ரகப் போல்ட்டாக வாங்கிப் போட்டேன், நைலான் வளையம் வைத்த புது நட்டும்.

பிரஸ் இல்லாத குறையைத் தெரியவிடாமல் செய்தது ஒரு முழ நீள மரைக்கம்பி. கண்ணுக்கு ஒரு பக்கம் புஷ், மறுபக்கம் புஷ் நுழைகிற அளவு பெரிய பைப் துண்டு, இரண்டு பக்கமும் கனமான வாஷர், நட்டு. புஷ் பக்கத்து வாஷர் வெளியுறையின் விளிம்பில் மட்டும் உட்காரும்படி லேத்தில் கடைந்து வாங்கினேன், உள்குழாயை அழுத்தினால் ரப்பர் பிய்ந்துவிடும் என்று அங்கே இருந்த பெரியவர் அவராகவே சொன்னார். கண்ணின் உட்புறத்தை உப்புத்தாளால் தேய்த்து, வாயின் விளிம்பில் இருந்த பிசிறை அரத்தால் எடுத்தபிறகு, நட்டை ஒவ்வொரு சுற்றாகத் திருகத் திருக புஷ் சத்தமில்லாமல் நேராக இறங்கியது. முதல் தடவை கொஞ்சம் கோணலாக ஏறியதும் நிறுத்தி, வெளியே தள்ளி, மறுபடி நேராக வைத்தேன். சுத்தியல் எடுக்கவே இல்லை. ஷாக்கில் ரப்பருக்கு ஆத்தாவின் விளக்கெண்ணெய் புட்டியிலிருந்து விரல் நுனியில் தொட்டுத் தடவினேன்.

அப்புறம் அந்தக் கடைசி இறுக்கு. அடியில் கை போக இடம் வேண்டும், வண்டியும் சக்கரத்தில் நிற்க வேண்டும். கதிரறுப்பு மெஷின் ஏற்ற வைத்திருந்த மூன்று இஞ்ச் பலகைகளை நான்கு சக்கரத்துக்கும் அடியில் கொடுத்து வண்டியை ஏற்றிக் கட்டை கொடுத்தேன். பின்சீட்டில் இரண்டு உர மூட்டை, முன்னால் அம்மா. பம்பரைப் பிடித்து நாலைந்து முறை அமுக்கி விட்டுவிட்டு, பட்டை தன் இடத்தில் நின்றபிறகுதான் ஆறு போல்ட்டையும் இறுக்கினேன். இறுக்குவதற்கு முன் கண்ணின்மேலும் பாடியின்மேலும் சேர்த்து ஒரு சாக்பீஸ் கோடு போட்டு வைத்திருந்தேன், பட்டறை அண்ணன் சொன்னதை நானே பார்க்க வேண்டும் என்று. மறுநாள் பின்பக்கத்தை மட்டும் தூக்கி அச்சைத் தொங்க விடாமல் கொஞ்சமாக இறக்கினேன். இரண்டு கோடும் அரை விரல் அளவு விலகிவிட்டன. அவ்வளவு முறுக்கையும் சேர்த்துத்தான் எட்டு மாதம் ஓட்டியிருக்கிறேன்.

முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையத்துக்குக் கொத்தனார் நூல் பிடித்து இரண்டு பக்கமும் அளந்தேன், வித்தியாசம் இல்லை. நேற்று தஞ்சாவூர் போய் வந்தோம். வேகத்தடையில் ஏறி இறங்கியதும் அம்மா திரும்பிப் பின்சீட்டைப் பார்த்தார், சத்தம் வராததால்.

ஒன்று மட்டும் பாக்கி. பின்பக்கம் அமைதியானதும் முன்பக்கம் இடது சக்கரத்தில் ‘கடக்’ என்று ஒரு சின்னச் சத்தம் தெரிகிறது. கையில் சாமான் எல்லாம் இருக்கிறது, அதையும் பிரித்துவிடலாமா?

பழைய பட்டறை (மயிலாடுதுறை):

நன்றாகச் செய்திருக்கிறீர்கள் தம்பி, அந்தச் சாக்பீஸ் கோட்டை இனி என் பட்டறைப் பையன்களுக்கும் போட்டுக் காட்டுகிறேன்.

முன்பக்கத்தைப் பிரிக்காதீர்கள். அங்கே பட்டையும் இல்லை, சுருள் ஸ்பிரிங்கும் இல்லை. வண்டியின் தரைத்தகட்டுக்கு அடியில் நீளமாக ஓடும் டார்ஷன் கம்பி முறுகி நின்றுதான் வண்டியின் முன்பாதியைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. பார்வைக்குச் சும்மா கிடக்கும் இரும்புக்கம்பி, ஆனால் சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையின் போல்ட்டை முறை தெரியாமல் உருவினால் அந்த முறுக்கு முழுவதும் ஒரே வீச்சில் வெளியே வரும், எதிரே கையோ முகமோ இருந்தால் அதோடு சரி. கம்பியைத் திரும்ப மாட்டும்போது பல் ஒன்று மாறினாலும் முன்பக்க உயரம் மாறிவிடும். இதைப் பழகியவர் பக்கத்தில் நின்று ஒருமுறை பார்த்துவிட்டு அப்புறம் தொடுங்கள்.

இப்போதைக்கு முன்பக்க கிரீஸ் நிப்பிள் எல்லாவற்றிலும் பழைய கிரீஸ் வெளியே பிதுங்குகிற வரைக்கும் புது கிரீஸ் அடியுங்கள், இடது சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங்கா, சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங் பின்னா என்று தெரியும், பாதி நேரம் சத்தம் புஷ்ஷிலிருந்து வருவதில்லை. பின்பக்கம் நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஆறு நட்டையும் மறுபடி ஸ்பேனர் வைத்துப் பாருங்கள், அதுவும் வண்டி தரையில் நிற்கும்போதே. அதோடு பட்டையை அச்சோடு பிடித்திருக்கும் யூ போல்ட்டையும் ஒரு கை பாருங்கள்.

சத்தம் போகவில்லை என்றால் வைகாசிக்குள் ஒரு வியாழக்கிழமை வண்டியை இங்கே கொண்டு வாருங்கள், காலையிலேயே வந்தால் இருவருமாகச் சாயங்காலத்துக்குள் முடித்துவிடலாம். அந்த மரைக்கம்பியையும் கடைந்த வாஷரையும் எடுத்து வாருங்கள், எனக்கு அளவு வேண்டும்.